கற்பாறையின்மேல் வாழ்க்கையைக் கட்டுவது எப்படி?

மத்தேயு 7:24-27இல் இயேசு சொல்லும் உவமையில் ஒருவன் கற்பாறையின்மேலும் மற்றவன் மணலின்மேலும் வீடு கட்டுகிறான். இரண்டு வீட்டின்மேலும் ஒரே மழைதான். இருவரும் வசனத்தைக் கேட்டவர்கள்தான். கற்பாறையின்மேல் கட்டியவன் மட்டும் கேட்டபடி செய்தான், அவன் வீடு நின்றது. எனவே வாசிப்பின் அளவைக் கூட்டுவதில் தொடங்க வேண்டாம்.

இந்த உவமையோடு முடியும் மலைப்பிரசங்கம் உள்ள மத்தேயு 5 முதல் 7 வரை 111 வசனங்கள். தினம் ஐந்தாறு போதும், மூன்று வாரத்தில் முடியும். அன்றைய பகுதியில் ஒரு கட்டளையை எடுத்து, யாரிடம், எப்போது செய்வது என்று எழுதி வையுங்கள். காணிக்கைக்கு முன் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் 5:23-24 வந்தால், உங்கள்மேல் மனத்தாங்கல் உள்ள சகோதரனுக்கு அன்றைக்கே போன் செய்யுங்கள், காணிக்கை காத்திருக்கலாம். ஜெபத்துக்கு 6:6 சொல்கிறபடி கதவைப் பூட்டுங்கள், போனை வெளியே வைத்துவிட்டு.

பலர் சறுக்குவது, ஆராதனையில் பொங்கும் உணர்ச்சியையே அஸ்திபாரம் என்று எண்ணுவதில்தான். இதே உவமையைச் சொல்லும் லூக்கா 6:48, வீடு கட்டியவன் ‘ஆழமாய்த் தோண்டி’ அஸ்திபாரம் போட்டான் என்கிறது. தோண்டினால் பழைய பொய்யும் கசப்பும் திருப்பித் தராத கடனும் வெளியே வரும். அவற்றைச் சரிசெய்யாமல் மேலே ஊழியப் பொறுப்புகளை அடுக்காதீர்கள்.