தலையில் அடிபட்டவரும் குடியும்: பெங்களூரு வீடுகளில் நடக்கும் தவறுகள்

தலையில் கட்டோடு ஒருவரை எமர்ஜென்சிக்குக் கொண்டுவரும்போது, கூட வந்த மச்சான் டாக்டரிடம் முதலில் சொல்வது, "அவருக்குக் குடிப் பழக்கமே இல்லை சார்." சாராய வாடை வார்டு முழுக்க வீசிக்கொண்டிருக்கும். போலீஸ் கேஸ் வருமோ, இன்ஷூரன்ஸ் போய்விடுமோ, ஊரில் தலைகாட்ட முடியாதோ என்ற பயம். ஆதாரமில்லாத பயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், இந்த விஷயத்தில் நம் வீடுகள் செய்யும் தவறுகளிலேயே பெரியது இந்த மறைப்புதான்.

தினமும் குடித்தவருக்கு வார்டில் திடீரென்று குடி நின்றுபோகிறது. சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதன் பிறகு, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள்; படுக்கையை விட்டு எழுந்து ஓடப் பார்ப்பார். மூளைக்குள் ரத்தம் கசிந்தாலும் இதேபோன்ற குழப்பமும் வலிப்பும் வரும். எது எதனால் என்று டாக்டர் பிரித்தறிய, கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்பது தெரிய வேண்டும். தெரிந்தால் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் நடுக்கத்துக்கான மருந்தும் உரிய நேரத்தில் கிடைக்கும். கணவரின் எதிரில் சொல்லத் தயக்கமென்றால், நர்ஸைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். வீட்டிலும் இதே கணக்குதான்: தினமும் குடிப்பவரை முருகன் படத்தின் முன் சத்தியம் வாங்கி ஒரே நாளில் நிறுத்த வைப்பது ஆபத்து. நிறுத்தத்தான் வேண்டும்; மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்த வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு பலர் சில மாதங்கள் தொடுவதில்லை. வீடு நிம்மதியடைகிறது. பிறகு ஆயுத பூஜை வருகிறது. ஈஜிபுரா ஆட்டோ ஸ்டாண்டில் வண்டிகளுக்கு வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து முடித்ததும், "ஒரு நைன்டிதானே அண்ணா" என்கிறான் ஒருவன். முன்பு ஒரு குவார்ட்டருக்கும் அசையாத மனிதர் இன்று பாதியிலேயே நாக்குழறித் தடுமாறுவார். காயம்பட்ட மூளைக்குப் பழைய அளவு செல்லாது. நடையில் ஏற்கெனவே தள்ளாட்டம் இருந்தால் மறுபடி விழுவார். இரண்டாவது அடி முதல் அடியைவிடக் கொடுமையாக இருக்கலாம். "பீர்தான், ஒன்றும் ஆகாது" என்பதும் வெறும் பேச்சு. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 52 மில்லி ஆல்கஹால். 90 மில்லி விஸ்கியில் 39 மில்லிக்கும் குறைவு.

அடுத்தது, கேட்கும்போது புத்திசாலித்தனமாகத் தோன்றும் ஒரு தவறு. "மாத்திரையும் சரக்கும் சேரக் கூடாதாம், அதனால் கல்யாண வீட்டுக்குப் போகும் அன்று மாத்திரை வேண்டாம்." வலிப்பு மாத்திரையைச் சட்டென்று விட்டாலே வலிப்பு வரலாம், அதன் மேல் குடியும் என்றால் கேட்கவே வேண்டாம். தூக்கம் வரவில்லை என்று பழைய சீட்டைக் காட்டித் தூக்க மாத்திரை வாங்கிக் குடியோடு போடுவது மூச்சையே அடக்கிவிடக்கூடும். கஞ்சாவும் வேண்டாம், ஏற்கெனவே தேய்ந்த ஞாபகத்தையும் கவனத்தையும் அது இன்னும் தேய்க்கும்.

"அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தைப் பார்த்து, ரசத்தில் பொடி கலப்பவர்கள் இருக்கிறார்கள். பொடியில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. குடியை நிறுத்த டாக்டர்கள் கண்காணிப்போடு தரும் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்தால், அதன் மேல் அவர் குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். தலைக்காயம்பட்டவருக்கு வலிப்பு அபாயத்தையும் அது கூட்டலாம். அன்பினால் செய்வதுதான், ஆனாலும் செய்யக் கூடாது.

காலையில் அழுதுகொண்டே சத்தியம் செய்தவர் மாலையில் ஏடிஎம் கார்டைத் தேடுகிறார். "திமிர்" என்கிறார் மாமியார். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் ஆசையை அடக்குவதையும் விளைவை யோசிப்பதையும் பார்த்துக்கொள்கிறது. விபத்தில் பெரும்பாலும் அடிபடுவதும் அதுவே. ஒரு மணி நேர அறிவுரையில் பாதி அவர் மனத்தில் நிற்காது. இரண்டே வரியில் சொல்லுங்கள், எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கார்டை யார் வைத்துக்கொள்வது, ஒயின் ஷாப் இல்லாத எந்தத் தெரு வழியாக வீட்டுக்கு வருவது என்பதையெல்லாம் அவரையும் உட்கார வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள்.

குடி மீட்பு மையத்துக்குப் போகிறவர்கள் தலைக்காயத்தைச் சொல்வதில்லை. நரம்பு டாக்டரிடம் போகிறவர்கள் குடியைச் சொல்வதில்லை. இரண்டு இடத்துக்கும் டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டுபோங்கள். ஓசூர் சாலையில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் நரம்பு சிகிச்சையும் போதை மீட்புப் பிரிவும் ஒரே நிறுவனத்தில் இருப்பது பெங்களூருக்காரர்களுக்கு ஒரு வசதி. கன்னடம் தடுமாறினால், 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்று மட்டும் 14446 இருக்கிறது. வலிப்பு, தொடர் வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம் என்றால் போனில் ஆலோசனை கேட்க வேண்டாம், நேரே 108.