குளித்த தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்பும் முன்

2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்கியபோது, சென்னையில் குழி தோண்டாத தெருவே இல்லை. 2019 ஜூலையில் அதே சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. முந்தைய ஆண்டு மழை பொய்த்தது உண்மைதான். ஆனால் தோண்டிய குழியைத் திறந்துகூடப் பார்க்காத வீடுகளும் ஏராளம்.

1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர். குழியின் மேல்மணலில் வண்டல் படிந்து மெழுகின தரை போல இறுகிவிட்டால், அத்தனையும் தெருவுக்குத்தான் போகும். ஐப்பசி பிறக்கும் முன் மேல்மணலைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மணல் போட வேண்டும். அரை நாள் வேலை.

இதைவிடப் பெரிய தவறு, அந்தக் குழியிலேயே குளியலறைத் தண்ணீரையும் விடுவது. எங்கள் வீட்டுக்கு வந்த ப்ளம்பரே "ரெண்டும் தண்ணிதானே சார்" என்றார். இல்லை. மாடியில் விழும் மழை, முதல் மழையின் தூசியையும் காக்கை எச்சத்தையும் வெளியே விட்டுவிட்டால், வடிகட்டி ஆழத்தில் இறக்கத் தக்கது. சோப்புத் தண்ணீரைச் சுத்தம் செய்வது மேல்மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களும் வேர்களும். அவற்றைத் தாண்டி நேராகக் கீழே இறக்கினால் கிணறு கெடும், பக்கத்து வீட்டுப் போர்வெல்லும் கெடும். கல்வாழை, வாழை, தென்னை என்று வேர் பிடித்த இடத்தில் விடுங்கள். கீரைக்கும் கொத்தமல்லிக்கும் வேண்டாம்.

துணி துவைத்த தண்ணீரிலும் எல்லாம் ஒன்றல்ல. பவுடர் போட்ட முதல் தண்ணீரில் சோடியம் அதிகம்; களிமண் நிலத்தைக் கட்டியாக்கிவிடும். அலசிய தண்ணீர் பரவாயில்லை. பாத்திரம் கழுவியதை ஆரம்பத்தில் தொடாமலிருப்பதே நல்லது. எண்ணெய்ப் பிசுக்கு மண்ணின் துளைகளை அடைக்கும், பருக்கைக்கு எலி வரும். அப்புறம், எதையும் டிரம்மில் பிடித்து வைக்காதீர்கள். ஒரு நாள் தாண்டினால் நாறும்.

ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைத் தினமும் தொட்டிச் செடிக்கு ஊற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். அது உப்பு கூடின தண்ணீர். தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்றப் பயன்படுத்தலாம். அதற்கும் முன்னால், உங்கள் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, எவ்வளவு என்று அளந்து பாருங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்பது இந்தியத் தர அளவு. அதற்குக் கீழே இருக்கும் தண்ணீரில் உப்பை எடுக்க மெஷின் எதற்கு? கிருமி பயம் என்றால் கொதிக்க வைத்தாலே போதும்.

வேலைக்கேற்ற தண்ணீர் என்பதை நகர அளவில் கோயம்பேட்டில் பார்க்கலாம். அங்கே நாளுக்கு 4.5 கோடி லிட்டர் சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் நிலையம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கென்று கட்டப்பட்டது.

அடுக்குமாடிகளில் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிவறை ஃப்ளஷுக்கு அனுப்பும் எஸ்.டி.பி. கதை வேறு. கழிவைத் தின்னும் பாக்டீரியாவுக்கு இரவும் பகலும் காற்று வேண்டும். கரண்ட் பில் ஏறுகிறதென்று ராத்திரியில் அந்தக் காற்றை ஊதும் புளோயரை அணைக்கிறார்கள். பாக்டீரியா சாகிறது, ஃப்ளஷில் வரும் தண்ணீர் நாறுகிறது, குடியிருப்போர் கூட்டத்தில் 'மறுசுழற்சியே வேண்டாம்' என்று கை தூக்குகிறார்கள். உங்கள் குடியிருப்பிலும் நாற்றம் என்றால், இரவு பதினொரு மணிக்கு ஒருமுறை கீழே இறங்கிப் போய், புளோயர் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள்.