அமெரிக்க மக்களாட்சியைக் கறுப்பின மக்களின் வரலாற்றின் வழியே கற்பிப்பது எப்படி?

அமெரிக்க மக்களாட்சியைக் கற்பிக்கும்போது அடிமைமுறையைத் தனி அத்தியாயமாக ஒதுக்கிவிட்டால், வாக்குரிமையும் குடியுரிமையும் இன்றைய வடிவத்தை எவ்வாறு பெற்றன என்பது மாணவர்களுக்கு விளங்காது. நாடு முழுவதையும் மேலோட்டமாகச் சுற்றிக்காட்டுவதைவிட, ஒரே மாநிலத்தைத் தேர்ந்துகொண்டு அதைத் தொடர்ந்து கவனிக்கச் செய்வதே பயன்தரும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு மிசிசிப்பி மிகவும் பொருத்தமானது.

முதல் வகுப்பில், 1787இல் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டத்தை மாணவர்களிடம் கொடுத்து, ‘அடிமை’ என்ற சொல்லைத் தேடச் சொல்லுங்கள். அது அதில் இல்லை. அடிமைமுறை என்ற சொல், அம்முறையை ஒழித்த 1865ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தில்தான் முதன்முதலாக இடம்பெறுகிறது. மூலச் சட்டமோ ‘பிற ஆட்கள் அனைவரும்’ என்று பூசி மெழுகி, பிரதிநிதிகள் அவையின் இடங்களைப் பங்கிடும்போது அவர்களுள் ஐந்தில் மூன்று பங்கினரைக் கணக்கில் சேர்க்குமாறு கூறுகிறது.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். கறுப்பினத்தவரை முக்கால் மனிதராகக்கூட மதிக்காத சட்டம் என்று மட்டும் இதைப் புரிந்துகொள்பவர்கள் பலர். ஆனால் அடிமைகளை முழுமையாக எண்ண வேண்டும் என்று கேட்டவர்கள் அடிமை உடைமையாளர்களே. எண்ணக்கூடாது என்று வாதிட்டவர்கள் வடமாநிலப் பிரதிநிதிகள். காரணத்தை மாணவர்களே கணக்கிட்டுக் கண்டறியட்டும். 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மிசிசிப்பியில் 3,53,899 வெள்ளையர்களும் 4,36,631 அடிமைகளும் இருந்தனர். பின்னதில் ஐந்தில் மூன்று பங்கு ஏறத்தாழ 2,62,000. வாக்களிக்க இயலாத அம்மக்களின் எண்ணிக்கை, அவர்களை அடிமைப்படுத்தியவர்களுக்கே நாடாளுமன்றத்தில் கூடுதல் இடங்களைத் தந்தது. கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த மாணவருக்கு அது மறக்காது.

அடுத்து, கறுப்பினத்தவரின் குடியுரிமையை உறுதிசெய்த 14ஆவது திருத்தத்தையும் வாக்குரிமையைக் காத்த 15ஆவது திருத்தத்தையும் சுருக்கமாக விளக்கி, 1870இல் ஹைரம் ரெவல்ஸ் மிசிசிப்பியிலிருந்து முதல் கறுப்பின செனட்டராகச் சென்றதைக் கூறுங்கள். இந்தச் செய்தியைத் தவறவிடக்கூடாது. பின்னர் பறிக்கப்பட்டது ஏற்கெனவே கைக்கு வந்திருந்த உரிமை என்பது அப்போதுதான் தெரியும்.

1890ஆம் ஆண்டின் மிசிசிப்பி அரசமைப்பைப் படிக்கும்போது சட்டத்தில் எந்தச் சொல் இடம்பெறவில்லை என்ற முதல் வகுப்பின் கேள்வியை மீண்டும் எழுப்புங்கள். இனத்தின் பெயரால் வாக்குரிமையை மறுக்க 15ஆவது திருத்தம் தடைவிதித்திருந்ததால், வாக்குரிமை விதிகளில் இனத்தின் பெயரைச் சொல்லாமலே இரண்டு டாலர் தலைவரியையும், சட்டப்பிரிவொன்றைப் படிக்கவோ விளக்கவோ வேண்டும் என்ற நிபந்தனையையும் புகுத்தினர். விளக்கம் சரியா என்று முடிவுசெய்யும் அதிகாரம் பதிவு அலுவலரிடம் இருந்தது. 1898இல் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டது. 1962இல் மிசிசிப்பியின் இந்தியனோலா நகரில் வாக்காளராகப் பதிவுசெய்ய முயன்ற கறுப்பினப் பெண் தொழிலாளி ஃபேனி லூ ஹேமர், அதற்காகவே தாம் 18 ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். 1964இல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டின் குழுவொன்றின் முன் அவர் அளித்த சாட்சியத்தின் ஒலிப்பதிவை வகுப்பில் முழுமையாகக் கேட்கச் செய்யுங்கள். அவருடைய குரலுக்கு முன்னால் நம் விளக்கம் தேவைப்படாது.

அடிமைச் சந்தையையோ கப்பல் பயணத்தையோ வகுப்பில் நடித்துக்காட்டச் சொல்லாதீர்கள். அது அந்தத் துயரத்தை விளையாட்டாக்கிவிடும். வகுப்பில் கறுப்பின மாணவர் இருந்தால், தம் இனத்தின் சார்பில் பேசும்படி அவரைக் கேட்பதும் தவறு.

இறுதி வகுப்புக்கு 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மிசிசிப்பியில் 7 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த கறுப்பின வாக்காளர் பதிவு, இரண்டே ஆண்டுகளில் 60 விழுக்காட்டை நெருங்கியது. பாகுபாட்டு வரலாறு கொண்ட பகுதிகள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற ஏற்பாட்டை, 2013இல் ஐந்துக்கு நான்கு என்ற தீர்ப்பால் உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பையும், நனையவில்லை என்பதற்காக மழையில் குடையை வீசியெறிவதற்கு அதை ஒப்பிட்ட நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க்கின் மாறுபட்ட தீர்ப்பையும் அருகருகே வைத்து, எந்த வாதத்துக்கு எந்தச் சான்று துணைநிற்கிறது என்று ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள்.