வியாழனின் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட நீலம்

கருப்பு வெள்ளை கேமராவில் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஃபில்டருக்கு 4 நிமிடம் வீடியோ எடுத்து, மூன்றையும் சேர்த்தால் வியாழன் கோளின் வண்ணப் படம் வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். வந்தது, ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் கசிந்தபடி. விளிம்பைப் பொருத்தினால் பெருஞ்சிவப்புப் பொட்டு (வியாழனில் சுழலும் ராட்சதப் புயல்) மூன்றாகத் தெரிகிறது, பொட்டைப் பொருத்தினால் விளிம்பு கெடுகிறது. இரண்டு ராத்திரி ஃபோகஸைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. வியாழன் 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடும், 12 நிமிடத்தில் 7 பாகைக்கு மேல் திரும்பியிருக்கும். நான் அடுக்கியது மூன்று வெவ்வேறு முகங்களை!

அடுத்த தடவை ஃபில்டருக்கு 1 நிமிடம்தான், பச்சை நடுவில். ஒவ்வொரு வீடியோவையும் தனித்தனியாக ஸ்டேக் செய்து (அதன் ஃபிரேம்களை அடுக்கி ஒரே படமாக்கி), கோளின் சுழற்சியைச் சரிக்கட்டும் வின்ஜூபாஸ் மென்பொருளில் போட்டு, பச்சை எடுத்த நேரத்துக்கு மற்ற இரண்டையும் திருப்பினேன். பொட்டு ஒன்றானது. அப்படியும் ஓரத்தில் நூல் மாதிரி கொஞ்சம் நீலம். கோள் தாழ்வாக இருந்ததால் காற்று மண்டலம் நீலத்தைக் கூடுதலாக வளைத்துவிட்டது. சரி, நீல சேனலை மட்டும் 2 பிக்சல் நகர்த்தினேன், போய்விட்டது.