பாவசங்கீர்த்தனமும் பிரேதப் பரிசோதனையும்: கிறிஸ்தவத் துப்பறியும் கதை எழுதத் தொடங்குபவருக்கு

துப்பறியும் கதைக்குள் ஒரு சாமியாரைக் கொண்டுவந்து நிறுத்தினால் மட்டும் அது கிறிஸ்தவக் கதை ஆகிவிடாது. அங்கியைக் கழற்றிவிட்டு அதே கதையைச் சொல்ல முடியுமானால், அந்த அங்கி வெறும் வேஷம்தான். கொலையாளியைக் காட்டிக்கொடுக்கும் தடயமும், விசுவாசத்தை உரசிப் பார்க்கும் கேள்வியும் ஒரே பொருளுக்குள் இருக்க வேண்டும். இந்த வகைக் கதையிடம் நான் எதிர்பார்ப்பது இது ஒன்றைத்தான். கீழே ஒரு கற்பனைக் கதையைக் கட்டிக்கொண்டே வழியைச் சொல்கிறேன். நீங்களும் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் கதையைக் கூடவே கட்டுங்கள்.

படி 1: இரண்டு முன்னோடிகளைப் படியுங்கள்

ஆங்கில எழுத்தாளர் ஜி.கே. செஸ்டர்டன் 1910இல் ஃபாதர் பிரவுன் என்ற குட்டையான, உருண்டை முகக் குருவை உருவாக்கினார். யார்க்‌ஷயரில் பணியாற்றிய தம் நண்பர் ஜான் ஓ'கானர் என்ற குருவை மனதில் வைத்து எழுதிய பாத்திரம் அது. உலகம் தெரியாதவர் என்று பிறர் நினைக்கும் அந்தக் குருவுக்கு மனிதர்களின் தீமை எவ்வளவு ஆழமாகத் தெரிந்திருக்கிறது என்று செஸ்டர்டன் அதிர்ந்துபோனார். கதையின் விதை அந்த அதிர்ச்சிதான். பாவசங்கீர்த்தனத்தில், அதாவது ஒருவர் தம் பாவங்களைக் குருவிடம் தனியாக அறிக்கையிடும் சடங்கில், ஆண்டுக்கணக்கில் பாவங்களைக் காதால் கேட்பவருக்குக் குற்றம் புதிதல்ல. 1927இல் வந்த தொகுப்பில் ஃபாதர் பிரவுன் தம் முறையை விளக்குகிறார்: கொலைகாரனின் மனநிலை முழுவதும் தமக்குள் வரும்வரை, அவனாகவே மாறி யோசிக்கிறார். தம் பாவங்களைத் தாமே எண்ணிப் பார்க்கும், கத்தோலிக்கர்களுக்குப் பழக்கமான ஆத்தும சோதனையையே அவர் விசாரணைக் கருவியாக ஆக்கிக்கொள்கிறார். செஸ்டர்டன் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தது 1922இல், அதாவது இந்தப் பாத்திரம் பிறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து.

இன்னொருவர் ரொனால்ட் நாக்ஸ். அவரும் கத்தோலிக்கக் குரு, அவரும் துப்பறியும் கதை எழுதியவர். துப்பறியும் கதைக்கென 1929இல் அவர் வெளியிட்ட பத்து விதிகளில் ஒன்று, இயற்கைக்கு அப்பாற்பட்ட எதுவும் கதைக்குள் வரக்கூடாது என்பது. இன்னொன்று, துப்பறிபவருக்குத் தற்செயலாக விடை கிடைக்கக்கூடாது. புதுமைகளை, அதாவது அற்புதங்களை, நம்பிய ஒரு குருவே, புதுமையால் வழக்கைத் தீர்க்காதே என்கிறார். ஆகவே உங்கள் கதையில் மாதா கனவில் வந்து கொலையாளியின் பெயரைச் சொல்ல வேண்டாம்.

படி 2: காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஊரைவிடத் திருவழிபாட்டுக் காலம் முக்கியம். ஈஸ்டருக்கு முந்தைய பரிசுத்த வாரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். தென்கடலோரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு கோயிலும் அதைச் சேர்ந்த மக்களும். பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ச்சிக் கீதத்தைப் பாடும்போது கோயில் மணி அடிப்பார்கள். அதன்பின் சனிக்கிழமை இரவு பாஸ்கா திருவிழிப்பில் (ஈஸ்டர் இரவு வழிபாட்டில்) அதே கீதம் மீண்டும் பாடப்படும்வரை மணி ஒலிக்காது. இடையில் மரக்கட்டையைத் தட்டுவதுதான் வழக்கம். கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இது தெரியும், போகாதவர்களுக்குத் தெரியாது. நமக்கு வேண்டிய தடயம் இதிலேயே கிடைக்கிறது.

பெரிய வெள்ளி இரவு, பங்கின் கணக்குகளைப் பார்த்துவந்தவர் கடற்கரைப் பாறையில் பிணமாகக் கிடக்கிறார். கணக்குப் புத்தகத்தைக் காணவில்லை. ஊருக்குள் கடவுள் நம்பிக்கையை விட்டுவிட்டதாகப் பேர் வாங்கிய ஓர் இளைஞன் இருக்கிறான். இறந்தவரோடு அவனுக்குப் பணத் தகராறும் உண்டு. அன்று சாயங்காலம் எங்கிருந்தான் என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியையான சிஸ்டர் கேட்கிறார்.

“மணி அடிச்சதும் கோயிலுக்குள்ள போயிட்டேன் சிஸ்டர். அம்மாகிட்ட வேணும்னா கேளுங்க.”

“வெள்ளிக்கிழமையாப்பா?”

“ஆமா சிஸ்டர்.”

மணி அடிக்காத நாளில் மணி அடித்ததாகச் சொல்கிறான். கதை இங்கேயே முடிந்தால் அது மோசமான கதை. கோயிலுக்குப் போகாதவன் கொலைகாரன் என்றாகிவிடும். அவன் பொய் சொன்னது அம்மாவின் மனம் நோகக்கூடாது என்பதற்காக. உண்மையான கொலையாளி இருபது வருடம் பாடகர் குழுவை நடத்தியவர், வழிபாட்டு முறை முழுவதையும் மனப்பாடமாக அறிந்தவர். சனிக்கிழமை இரவுவரை மணிக்கூண்டுக்கு யாரும் ஏறமாட்டார்கள் என்று தெரிந்ததால் கணக்குப் புத்தகத்தை அங்கே ஒளித்துவைத்தார். சனிக்கிழமை பகலில் எடுத்துவிடலாம் என்று நினைத்தார். ஆனால் அன்று கோயில் முழுக்க அலங்காரம் செய்யும் கூட்டம்.

மணியின் மௌனம் முதலில் அவிசுவாசியைக் காட்டியது. பிறகு அதே மௌனம் விசுவாசியைக் காட்டுகிறது. உருக்கமாகப் பாடியவர் எப்படிக் கொன்றார்? அந்தப் பாட்டு பொய்யா? இதற்கு நீங்கள் விடை சொல்ல வேண்டியதில்லை, ஆனால் சிஸ்டர் இந்தக் கேள்வியோடு ஓர் இரவாவது தூங்காமல் இருக்க வேண்டும்.

படி 3: சந்தேகப்படும் ஆட்கள்

முதல் கதைக்கு மூன்று பேர் போதும். ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரியுங்கள். கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் தானியேல் 13ஆம் அதிகாரத்தைப் படியுங்கள்: சூசன்னாமீது பொய்க்குற்றம் சாட்டிய இரண்டு முதியவர்களைப் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் பார்த்தாய் என்று தானியேல் கேட்கிறார். ஆளுக்கொரு மரத்தைச் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள்.

படி 4: பாவசங்கீர்த்தன இரகசியத்தைச் சரியாகக் கையாளுங்கள்

இந்த வகையில் பலர் சறுக்கும் இடம் இது, நிதானமாகப் படியுங்கள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியிடும் குருவுக்கு 1215இல் நடந்த திருச்சபையின் பொதுச்சங்கமான நான்காம் லாத்தரான் சங்கமே கடும் தண்டனை விதித்தது. இன்றைய திருச்சபைச் சட்டத்தில் 983ஆம் பிரிவு அந்த இரகசியத்தை மீற முடியாததாக வைக்கிறது. நேரடியாக மீறும் குரு, யாரும் தீர்ப்புச் சொல்லாமலே சபைவிலக்குக்கு உள்ளாகிறார்.

984ஆம் பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. கேட்ட விஷயம் வெளியே தெரியவே வாய்ப்பில்லை என்றாலும், பாவம் அறிக்கையிட்டவருக்குக் கேடு வரும்படி குரு அதைப் பயன்படுத்தவே கூடாது. ஆகவே இன்ஸ்பெக்டரிடம் கண் ஜாடை காட்டும் சாமியார், ‘தற்செயலாக’ மணிக்கூண்டுப் பக்கம் போலீஸை அழைத்துப்போகும் சாமியார், இருவரும் தவறான பாத்திரங்கள். சரணடைந்தால்தான் பாவமன்னிப்பு என்று நிபந்தனை போடவும் குருவுக்கு உரிமை இல்லை. 2019இல் வத்திக்கான் வெளியிட்ட குறிப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது. சரணடையும்படி அவர் மன்றாடலாம். வெளியே நிரபராதி ஒருவன் சிறைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு அந்தக் குரு பூசை வைக்கும் காட்சியை எழுதிப் பாருங்கள், இரத்தமே வேண்டாம்.

இதனால்தான் துப்பறிபவராகச் சிஸ்டரை வைத்தேன். அவர் பாவசங்கீர்த்தனம் கேட்பவர் அல்ல, அதனால் சுதந்திரமாகத் தேடலாம். சாமியாரின் முகவாட்டத்தை மட்டும் தடயமாக்கிவிடாதீர்கள்.

உங்கள் கதை சீர்திருத்த சபையில் நடந்தால், போதகரிடம் தனியாகப் பாவ அறிக்கை செய்வது அங்கே வழக்கமான சடங்கல்ல. அங்கே நெருக்கடி வேறு இடத்திலிருந்து வர வேண்டும். சபைக்கு நற்பெயரா, உண்மையா என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

படி 5: சட்டத்தையும் பாருங்கள்

சந்தேக மரணம் என்றால் போலீஸ் இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில் விசாரிக்கும். 2024 ஜூலை 1க்கு முன் நடக்கும் கதை என்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு. அதே நாளில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23ஆம் பிரிவுப்படி, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாகாது. அதன் வழியாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பகுதி மட்டும் ஏற்கப்படும்.

குருவிடம் சொன்னதை அவர் நீதிமன்றத்தில் சொல்லமாட்டார், போலீஸிடம் சொன்னதும் நிற்காது. ஆகவே கையில் பிடிக்கக்கூடிய பொருள் ஒன்று கட்டாயம் வேண்டும். நம் கதையில் அது கணக்குப் புத்தகம்.

படி 6: முடிவிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்

சனிக்கிழமை இரவு மணி அடிக்க ஏறும் பையன் புத்தகத்தைக் கண்டெடுக்கும் காட்சியை முதலில் எழுதிவிடுங்கள். அதன்பின் கொலையாளிக்கும் சிஸ்டருக்கும் நடக்கும் பேச்சு. கைவிலங்கைவிட மனமாற்றத்துக்கு அதிக இடம் கொடுங்கள், ஆனால் அவர் மனம் மாறியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். பிறகு முன்பக்கங்களுக்குத் திரும்பி, மணியின் மௌனத்தைக் குறைந்தது இரண்டு இடங்களிலாவது சாதாரணப் பேச்சில் விதைத்துவிடுங்கள்: ஒரு பாட்டி மரக்கட்டைச் சத்தம் காதில் விழவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளலாம்.

முதல் வரைவை இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் தவறாமல் கோயிலுக்குப் போகிறவராகவும், இன்னொருவர் கோயில் பக்கமே போகாதவராகவும் இருக்கட்டும். முதலாமவர் வழிபாட்டுப் பிழைகளைக் குறித்துக் கொடுப்பார். இரண்டாமவரிடம், மணிக்கூண்டு திறக்கும்முன் கொலையாளியை யூகிக்க முடிந்ததா என்று மட்டும் கேளுங்கள். விதிகள் புரியவில்லை என்று அவர் சொன்னால், பாட்டியின் பேச்சை இன்னும் இரண்டு வரி நீட்டுங்கள்.