கிராப்பி மீனுக்கு மெல்லிய நரம்பே போதும்

அமெரிக்காவின் மினசோட்டா மாநில ஏரிகள் உறைந்ததும் பனியில் துளையிட்டுக் கிராப்பி என்னும் நன்னீர் மீன் பிடிக்கப் போகிறவர்கள் முதலில் தூண்டில் நரம்பைக் கவனிக்க வேண்டும். 2 முதல் 4 பவுண்டு தாங்குவது போதும். அதைவிடத் தடித்தால் சிறிய ஜிக் முள் (உலோக எடை பொருத்திய தூண்டில் முள்) இயல்பாகத் தொங்காது. ஜிக் டங்ஸ்டனில் இருக்கட்டும். ஈயத்தைவிட அடர்த்தி அதிகம் என்பதால் சிறிய உருவிலேயே விரைந்து இறங்கும். கிராப்பியின் வாய்ச்சவ்வு காகிதம்போல மெல்லியது, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும்! அதனால்தான் நுனி நன்றாக வளையும் குட்டைக் கோலையே எப்போதும் பரிந்துரைக்கிறேன். இந்த மீன் மேல்நோக்கிப் பார்த்தே இரை எடுக்கும். முள்ளை அது நிற்கும் ஆழத்துக்கு ஓரடி மேலே நிறுத்துங்கள். அந்தி மயங்கும் நேரம் மிக நல்லது. நடந்து போகத் தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலத் தடிமன் இருக்க வேண்டும், போகும் வழியெல்லாம் அளந்து பாருங்கள்.