டைல்ஸை உடைக்காமலே மரப் பேனல்

சுவர் டைல்ஸைப் பெயர்க்காமலே அதன்மேல் மரப் பேனல் பொருத்தலாம், ஆனால் முதலில் ஒவ்வொரு டைலையும் விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் கேட்டால் அது பிடிப்பு விட்ட டைல், எடுத்துவிட்டுப் பூசிச் சமப்படுத்துங்கள். பளபளப்பான பரப்பில் பசையை மட்டும் நம்புவதில் எனக்கு விருப்பமில்லை, ரீப்பர் கட்டையை (மெல்லிய நீள மரச்சட்டம்) சுவரில் திருகி அதன்மேல் பேனல் அடிப்பதே மேல். துளையிடும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் டிரில் பிட் வழுக்காது. டைல் பிட்டை வைத்து, டிரில்லின் ஹேமரை (அடித்துத் துளைக்கும் முறை) அணைத்துவிட்டு மெதுவாகத் துளை போடுங்கள், டைலைத் தாண்டிச் சுவரைத் தொட்ட பிறகுதான் ஹேமர், இல்லையென்றால் டைல் விரிசல் விடும். அப்புறம், மரம் ஈரத்தில் உப்பும், அதனால் ஓரங்களில் சில மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஷவர் தண்ணீர் நேரடியாகப் படும் சுவரா? வேண்டவே வேண்டாம்.